பிறப்பே முதல் நெருக்கடி: அட்ரீனல் சுரப்பியும் குறைமாதக் குழந்தைகளைக் காக்கும் ஊசியும்

புது தில்லி: உலகில் குறைமாதத்தில் பிறக்கும் ஐந்து குழந்தைகளுள் ஒன்றுக்கு மேல் இந்தியாவில் பிறக்கிறது. உலக சுகாதார அமைப்பு, யுனிசெஃப் உள்ளிட்ட அமைப்புகளின் மதிப்பீட்டின்படி, 2020-ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் ஏறத்தாழ 30 லட்சம் குழந்தைகள் 37 வாரங்கள் நிறைவடையும் முன்னரே பிறந்தன. இவர்களுள் மிக முன்கூட்டிப் பிறப்போரின் உயிரைக் காப்பதில் முக்கியப் பங்கு வகிப்பது, பிரசவத்துக்கு முன் தாய்க்குச் செலுத்தப்படும் டெக்ஸாமெத்தசோன் என்னும் மலிவான ஊசி மருந்து. மன அழுத்தத்தின்போது உடலில் சுரக்கும் கார்டிசால் ஹார்மோனை ஒத்துச் செயல்படும் செயற்கை மருந்து அது.

அச்சத்தோடும் கவலையோடும் தொடர்புபடுத்திப் பேசப்படும் ஒரு ஹார்மோன், பிறவாத குழந்தையின் நுரையீரலை எவ்வாறு முதிர்ச்சியடையச் செய்கிறது? விடை, கரு உருவாகி ஐந்து வாரங்களே ஆன நிலையில் தொடங்குகிறது.

இரு வேர்கள், ஒரு சுரப்பி

சிறுநீரகங்களின் உச்சியில் தொப்பி போல அமர்ந்திருப்பவை அட்ரீனல் சுரப்பிகள். வளர்ந்த மனிதரிடம் ஒவ்வொன்றும் நான்கு முதல் ஐந்து கிராம் எடையே இருக்கும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் வெளியே மஞ்சள் நிறப் புறணியும், உள்ளே செம்பழுப்பு நிற அகணியும் தெரியும். ஒரே உறைக்குள் இருந்தாலும் இவ்விரண்டும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை.

கருவின் ஐந்தாவது வார அளவில், உடற்குழியின் பின்சுவரை மூடியுள்ள படலத்தின் ஒரு பகுதி தடித்து உள்நோக்கி வளர்கிறது. மீசோடெர்ம் எனப்படும் நடுப்படையிலிருந்து வந்த இத்திசுவே புறணியாகிறது. கருப்பைக்கு அருகில் அமையும் சூலகமும், ஆண்களின் விந்தகமும் இதே வட்டாரத்தில்தான் உருவாகின்றன. பாலின ஹார்மோன்களும் கார்டிசாலும் ஒரே ஸ்டீராய்டு இனத்தைச் சேர்ந்தவையாக இருப்பதன் பின்னணியில் இந்த உறவு உள்ளது.

அகணியின் கதை வேறு. முதுகுத் தண்டாக மாறப்போகும் நரம்புக் குழாயின் விளிம்பிலிருந்து சில செல்கள் பிரிந்து, கருவின் உடலெங்கும் இடம்பெயர்கின்றன. நரம்பு முகடு செல்கள் எனப்படும் இவற்றிலிருந்தே தோலுக்கு நிறம் தரும் செல்களும், முக எலும்புகள் பலவும் தோன்றுகின்றன. இந்த வழித்தோன்றல்களில் ஒரு பிரிவு, வளர்ந்துகொண்டிருக்கும் புறணிக்குள் நுழைந்து அங்கேயே தங்கிவிடுகிறது. ஆகவே அட்ரீனலின் மையப்பகுதியை, சுரப்பியாக மாறிய நரம்புத் திசு என்றே கூறலாம்.

இவ்விரு பகுதிகளுக்கும் இடையிலான அண்டைவீட்டு உறவு பயனற்றதன்று. புறணியிலிருந்து வடியும், கார்டிசால் நிறைந்த ரத்தம் அகணியின் வழியாகவே வெளியேறுகிறது. நார்அட்ரினலினை அட்ரினலினாக மாற்றும் நொதியை அகணி போதுமான அளவில் உண்டாக்க அந்தக் கார்டிசால் தேவை. ஒன்று இல்லையேல் மற்றொன்றின் வேலை குறைபடும்.

நொடிகளும் நிமிடங்களும்

சாலையைக் கடக்கும்போது ஒரு லாரி திடீரென நெருங்கினால், நரம்புகள் வழியாக அகணிக்குச் செய்தி செல்கிறது. சில நொடிகளில் அட்ரினலின் ரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சுக்குழல்கள் விரிகின்றன, குடலுக்குச் செல்லும் ரத்தம் குறைந்து தசைகளுக்குத் திருப்பப்படுகிறது. எதிர்த்து நிற்கவோ தப்பியோடவோ உடலை ஆயத்தப்படுத்தும் இந்நிலையை அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் விளக்கினார்.

இரண்டாவது அலை மெதுவானது. மூளையின் ஹைபோதாலமஸ் பகுதி பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி புறணியைத் தூண்ட, சில நிமிடங்களில் கார்டிசால் உயர்கிறது. கல்லீரலிலிருந்து சர்க்கரை விடுவிக்கப்படுகிறது. உடனடித் தேவையற்ற பணிகள் ஒத்திவைக்கப்படுகின்றன. போதிய அளவு சுரந்ததும் கார்டிசாலே மூளைக்குச் சென்று சுரப்பை நிறுத்தச் சொல்கிறது. கனடாவின் மான்ட்ரியல் நகரில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே, 1936-ஆம் ஆண்டில் வெளியிட்ட சுருக்கமான கட்டுரை ஒன்றில், வெவ்வேறு வகைத் துன்பங்களுக்கு ஆளான எலிகள் அனைத்திலும் அட்ரீனல் புறணி பெரிதாகியிருப்பதைச் சுட்டிக்காட்டினார். மன அழுத்தம் குறித்த நவீன ஆய்வுகளுக்கு அக்கட்டுரை வித்திட்டது.

கருவில் ஒரு பேருருவம்

வளர்ந்தவரிடம் அட்ரீனல், சிறுநீரகத்தின் முப்பதில் ஒரு பங்கு அளவே உள்ளது. பிறக்கும் குழந்தையிடமோ மூன்றில் ஒரு பங்கு. பிறந்த குழந்தையின் இரு அட்ரீனல்களும் சேர்ந்து, பெரியவர் ஒருவரின் சுரப்பிகளுக்கு ஏறக்குறைய இணையான எடை கொண்டவை. பிறந்த சில வாரங்களிலேயே அவை பாதியாகச் சுருங்கிவிடுகின்றன.

இத்தனை பெரிய சுரப்பி கருவுக்கு எதற்கு? அதன் பெரும்பகுதியை நிறைத்திருப்பது, பிறந்தபின் மறைந்துபோகும் கருக்காலப் புறணி. அது உற்பத்தி செய்யும் மூலப்பொருளை வாங்கிக்கொண்டு நஞ்சுக்கொடி ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைத் தயாரிக்கிறது. கர்ப்பத்தை நிலைநிறுத்தும் பணியில் தாயும் சேயும் ஒரே தொழிற்சாலையைப் பகிர்ந்து நடத்துகின்றனர் எனலாம். கர்ப்பத்தின் இறுதி வாரங்களில் கருவின் சொந்தக் கார்டிசால் உயரத் தொடங்குகிறது. மூளையில் சுரப்பை அடக்கும் கார்டிசால், நஞ்சுக்கொடியில் நேர்மாறாகத் தூண்டும் ஹார்மோனை மேலும் பெருக்குகிறது. இந்த ஏற்றத்தில் நுரையீரலின் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்னும் மசகுப் பொருள் பெருகுகிறது. கல்லீரல் சர்க்கரையைச் சேமித்து வைக்கிறது. குடலும் வெளி உலகுக்கு ஆயத்தமாகிறது.

தாயின் கவலையெல்லாம் அப்படியே கருவைச் சென்றடையுமா என்ற ஐயம் பல குடும்பங்களில் எழுவதுண்டு. தாயின் ரத்தத்தில் கார்டிசால் கருவில் உள்ளதைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி, அதன் பெரும்பகுதியைச் செயலற்ற கார்டிசோனாக மாற்றிவிடுகிறது. அன்றாடச் சலிப்புகளுக்காகக் கர்ப்பிணியைக் குற்றவாளியாக்கும் அறிவுரைகளுக்கு உடலியலில் போதிய ஆதாரம் இல்லை. அந்தத் தடுப்பு முழுமையானதும் அன்று. கடுமையான, நீடித்த துயரத்திற்கு ஆளாகும் கர்ப்பிணிக்கு உதவி கிடைக்க வேண்டியது அவசியம்.

பிரசவத்தின்போது குழந்தையின் உடலில் சுரக்கும் அட்ரினலின் வகை ஹார்மோன்களின் அளவு, பிரசவிக்கும் தாயின் ரத்தத்தில் இருப்பதையும் விஞ்சுகிறது. நுரையீரலில் நிறைந்திருக்கும் நீரை உறிஞ்சி அகற்றும்படி செல்களுக்கு ஆணையிடுவது அந்த எழுச்சியே. பிரசவ வலி தொடங்கும் முன்னரே திட்டமிட்டுச் செய்யப்படும் சிசேரியன்களில் இது குறைவாக இருப்பதால், சில குழந்தைகள் பிறந்தவுடன் வேகமாக மூச்சு வாங்கித் தவிக்கின்றன. மருத்துவக் காரணம் இல்லாத சிசேரியனை 39 வாரங்களுக்கு முன் செய்ய வேண்டாம் என்று வல்லுநர்கள் கூறுவதற்கு இது ஒரு காரணம். ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி நாட்டில் 21.5 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன் மூலம் நிகழ்கின்றன. தனியார் மருத்துவமனைகளில் இது 47.4 சதவீதம், தெலங்கானா மாநிலத்தில் மட்டும் 60.7 சதவீதம்.

கார்டிசால் இல்லாதபோது

இச்சுரப்பியின் அருமை, அது தவறும்போதுதான் விளங்குகிறது. பிறவி அட்ரீனல் மிகைவளர்ச்சி என்னும் மரபுவழி நோயில், கார்டிசாலைத் தயாரிக்கத் தேவையான நொதி இருப்பதில்லை. கார்டிசால் வரவில்லையே என்று பிட்யூட்டரி இடைவிடாது தூண்ட, சுரப்பி வீங்குகிறது. பயன்படாத மூலப்பொருள்கள் ஆண் ஹார்மோன்களாகத் திசைமாறுகின்றன. பெண் சிசுக்களின் பிறப்புறுப்பில் மாற்றம் தெரிவதால் மருத்துவர் எச்சரிக்கை அடைய வாய்ப்புண்டு. ஆண் சிசு வெளித்தோற்றத்தில் இயல்பாகவே இருக்கும். இரண்டு, மூன்று வாரங்களில் வாந்தியும் நீரிழப்பும் தொடங்கி, உப்புச்சத்து இழப்பால் உயிரே பிரியக்கூடும். வீட்டாரோ சாதாரண வயிற்றுக் கோளாறு என்றே நினைத்திருப்பார்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஐந்து மையங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சிசுக்களிடம் நடத்திய ஆய்வில், 5,762 குழந்தைகளுக்கு ஒரு குழந்தைக்கு இந்நோய் இருப்பது கண்டறியப்பட்டது. சென்னை மையத்தில் அது 2,036-க்கு ஒன்று. குதிகாலில் எடுக்கும் சில சொட்டு ரத்தத்தில் இதைக் கண்டறிய முடியும். கண்டறிந்தால் விலை குறைந்த ஹைட்ரோகார்டிசோன் மாத்திரையுடன் இயல்பான வாழ்வு வாழலாம். எனினும் நாடு முழுவதும் எல்லாச் சிசுக்களுக்கும் இப்பரிசோதனை இன்னும் கட்டாயமாக்கப்படவில்லை.

ஆட்டுக்குட்டியில் தொடங்கிய சிகிச்சை

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகர மருத்துவர் கிரஹாம் லிக்கின்ஸ், பிரசவத்தைத் தொடங்கிவைப்பது எது என்பதை அறிய 1960-களில் செம்மறி ஆட்டுக் கருக்களுக்குக் கார்டிசால் வகை மருந்துகளைச் செலுத்தினார். உயிர்வாழ வாய்ப்பே இல்லாத பருவத்தில் பிறந்த குட்டிகளின் நுரையீரல், எதிர்பாராத வகையில் காற்றை ஏற்று விரிந்திருந்தது. குழந்தைநல மருத்துவர் ராஸ் ஹோவியுடன் இணைந்து 282 தாய்மார்களிடம் நடத்திய ஆய்வின் முடிவை அவர் 1972-ஆம் ஆண்டில் வெளியிட்டார். தாமாகவே குறைப்பிரசவ வலி கண்ட தாய்மார்களுள், பீட்டாமெத்தசோன் பெற்றவர்களின் குழந்தைகளில் தொடக்க நாள் இறப்பு 3.2 சதவீதம், பெறாதவர்களின் குழந்தைகளில் 15 சதவீதம்.

இயற்கையான கார்டிசாலை நஞ்சுக்கொடி செயலிழக்கச் செய்துவிடும். பீட்டாமெத்தசோன், டெக்ஸாமெத்தசோன் ஆகிய இரண்டும் அந்த நொதிக்குப் பெரிதும் சிக்காமல் கருவைச் சென்றடைகின்றன. இதனால்தான் வேறு ஸ்டீராய்டுகள் இப்பணிக்குப் பயன்படுத்தப்படுவதில்லை. இத்தனை தெளிவான பலன் இருந்தும் மகப்பேறு மருத்துவர்கள் இதைப் பரவலாக ஏற்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. இடைப்பட்ட காலத்தில் மூச்சுத்திணறி இறந்த குழந்தைகள் ஏராளம்.

மத்திய சுகாதார அமைச்சகம் 2014-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 24 முதல் 34 வாரங்களுக்குள் குறைப்பிரசவ வலி கண்ட பெண்ணுக்கு 12 மணி நேர இடைவெளியில் 6 மில்லிகிராம் வீதம் நான்கு முறை டெக்ஸாமெத்தசோன் செலுத்தப்படுகிறது. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன் முதல் ஊசியைத் துணைச் செவிலியரே போடவும் அனுமதி உண்டு.

ஊசியைப் பரவலாக்கினால் மட்டும் போதுமா என்ற கேள்விக்கு அதே காலகட்டத்தில் கசப்பான விடை கிடைத்தது. இந்தியா உள்பட ஆறு நாடுகளின் கிராமப்புறங்களில் நடந்து, லான்செட் இதழில் வெளியான பெரிய ஆய்வில், ஊசி பரவலாக்கப்பட்ட பகுதிகளில் 28 நாள்களுக்குள் சிசு இறப்பு ஆயிரத்துக்கு 27.4 ஆகவும், மற்ற பகுதிகளில் 23.9 ஆகவும் இருந்தது. தாய்மார்களின் தொற்றும் கூடியது. கர்ப்ப வாரங்களைத் துல்லியமாகக் கணக்கிட இயலாததால், ஊசி பெற்ற பலரும் உண்மையில் நிறைமாதத்திலேயே பிரசவித்தனர்.

பின்னர் இந்தியா, வங்கதேசம், கென்யா, நைஜீரியா, பாகிஸ்தான் ஆகிய நாடுகளின் 29 மருத்துவமனைகளில், அல்ட்ராசவுண்ட் மூலம் வாரக் கணக்கை உறுதிசெய்து 2,852 பெண்களிடம் ஆய்வு நடந்தது. 2020-இல் வெளியான அதன் முடிவில், பிறந்த 28 நாள்களுக்குள் இறந்த குழந்தைகளின் விகிதம் 23.5 சதவீதத்திலிருந்து 19.6 சதவீதமாகக் குறைந்திருந்தது. தாய்மார்களின் தொற்று கூடவில்லை. பலன் உறுதியானதால் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது.

தேவையற்றவர்களுக்குச் செலுத்துவதில் வேறொரு கவலையும் உண்டு. ஃபின்லாந்தில் 6.7 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2020-இல் வெளியான கட்டுரை, கருவில் இம்மருந்தைப் பெற்று நிறைமாதத்தில் பிறந்தவர்களிடம் மனநல, நடத்தைக் கோளாறுகள் சற்றுக் கூடுதலாகப் பதிவாகியிருப்பதைக் காட்டியது. காரணம் மருந்துதான் என்று இவ்வகை ஆய்வால் நிறுவிவிட முடியாது. ஆயினும் அழுத்த ஹார்மோனின் அளவு கருவின் மூளை வளர்ச்சியோடு பிணைந்தது என்பதால், மருத்துவர்கள் இதைப் புறந்தள்ளவில்லை.

உலக சுகாதார அமைப்பு 2022-இல் புதுப்பித்த பரிந்துரை, ஊசிக்கு முன் உறுதிசெய்ய வேண்டியவற்றைக் குறிப்பிடுகிறது: கர்ப்ப வாரம் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும், ஏழு நாள்களுக்குள் பிரசவம் நிகழ வாய்ப்பு மிகுதியாக இருக்க வேண்டும், தாய்க்குத் தொற்று இருக்கக் கூடாது, குறைமாதக் குழந்தையைப் பராமரிக்கும் வசதி அங்கு இருக்க வேண்டும். இவற்றுள் முதலாவது, பிரசவத்துக்குப் பல மாதங்கள் முன்பே முடிவாகிவிடுகிறது. கடைசி மாதவிடாய் தொடங்கிய நாளைப் பெண் நினைவில் வைத்திருப்பதும், முதல் மூன்று மாதங்களுக்குள் ஸ்கேன் எடுக்கப்பட்டு அந்தத் தேதி தாய்-சேய் நல அட்டையில் எழுதப்படுவதும், நள்ளிரவில் வலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் அவருக்கு ஊசி போடலாமா வேண்டாமா என்பதைச் செவிலியர் தீர்மானிக்க உதவும்.