உஷார்! ஆசிரியர் குழுவில் வரும் அந்த ஃபைலைத் தொடாதீர்கள்

ஆசிரிய நண்பர்களே, உங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் இன்று வந்திருக்கும் ஃபைல்களில் ஒன்றைக்கூட இதைப் படித்து முடிக்காமல் திறக்காதீர்கள். 'டி.ஏ. நிலுவைப் பட்டியல்' என்று பெயர் இருக்கலாம். கல்யாணப் பத்திரிகை, வண்டி அபராத ரசீது என்றும் வரலாம். பெயரின் கடைசியில் புள்ளி வைத்து 'ஏபிகே' என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தால், பட்டியலும் இல்லை, பத்திரிகையும் இல்லை. உங்கள் போனுக்குள் குடியேற வரும் திருட்டுச் செயலி அது.

எங்கள் வட்டாரக் குழுவுக்கு அது ஒரு சனிக்கிழமை இரவு வந்தது. அனுப்பியவர் எங்களுக்கெல்லாம் மூத்தவர், ஒரு வார்த்தை அதிர்ந்து பேசாத தலைமையாசிரியர். "சார், திறக்க மாட்டேங்குது" என்று ஒரு டீச்சர் எழுதினார். "இன்ஸ்டால் குடுங்க டீச்சர், வந்துரும்" என்று அதே எண்ணிலிருந்து பதில் வந்தது. அதை எழுதியது சார் இல்லை. அந்த நேரம் அவர் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தார். போன் சட்டைப் பையில் இருந்தது. விடிவதற்குள் டீச்சரின் கணக்கில், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த பணம் முழுக்கப் போய்விட்டது. டீச்சர் பெயரில் அதே ஃபைல் இன்னும் நான்கு குழுக்களுக்கும் போயிருந்தது.

அந்தச் செயலியை நிறுவும்போது 'குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதியுங்கள்' என்று கேட்கும். சம்பளப் பட்டியலைப் பார்க்கும் அவசரத்தில் சரி என்று தட்டிவிடுகிறோம். அதன் பிறகு வங்கியிலிருந்து வரும் ஓடிபி நம் கண்ணில் படுவதற்கு முன்பே திருடனுக்குப் போய்ச் சேரும். வாட்ஸ்அப்பை வேறொரு போனில் திறக்க உதவும் ஆறு இலக்க எண்ணும் அப்படியே போகும். அப்புறம் நம் பெயரில், நம் படத்தோடு, நாம் எழுதுவது போலவே எழுதி, அடுத்த ஆளைப் பிடிப்பான்.

இது ஊர் முழுக்க நடப்பதுதானே, ஆசிரியர்களுக்கு என்ன தனி எச்சரிக்கை என்று கேட்கலாம். நம் காவிரி டெல்டாவின் நிலைமையைப் பாருங்கள். ஒரத்தநாடு, பேராவூரணி, திருவையாறு பக்கமெல்லாம் வாய்க்கால் கரையோரம் இரண்டே ஆசிரியர் இருக்கும் தொடக்கப்பள்ளிகள் எத்தனை! ஒருவர் குறுவள மையப் பயிற்சிக்குப் போனால் மற்றவர் ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும். 'எண்ணும் எழுத்தும்' பாடத்தில் சந்தேகம் வந்தாலும், எமிஸ் இணையப் பக்கம் சுற்றிக்கொண்டே நின்றாலும் பக்கத்தில் கேட்க ஆள் கிடையாது. குழுவில்தான் கேட்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ஓய்ந்து, சிக்னல் திரும்பியதும் எங்களுக்கு வந்த முதல் செய்திகள், யார் பள்ளியில் ஓடு போயிற்று, யார் வீட்டில் சோறு இல்லை என்பவைதான். அன்று அரிசியும் தார்ப்பாயும் வந்து சேர்ந்தது அந்தக் குழு வழியாகத்தான். இப்படிப்பட்ட குழுவை நாம் சந்தேகப்பட மாட்டோம். திருடன் குறிவைப்பது அந்த நம்பிக்கையைத்தான்.

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் இன்னொரு கூத்து. இரவு பத்து மணிக்கு மழை கொட்டும்; 'நாளை பள்ளிகளுக்கு விடுமுறை, கலெக்டர் அறிவிப்பு' என்று ஒரு படம் வரும். அது போன வருடத்து அறிவிப்பாக இருக்கும், தேதியை மட்டும் மாற்றியிருப்பார்கள். நாம் அதை வகுப்புப் பெற்றோர் குழுவுக்குத் தள்ளிவிட்டால், காலையில் திறந்திருக்கும் பள்ளிக்கு யாரும் வரமாட்டார்கள்; அப்புறம் நம் செய்தியை யாரும் நம்பாமல், உண்மையிலேயே விடுமுறை விட்ட நாளில் பிள்ளைகள் நனைந்துகொண்டு வந்து நிற்பார்கள். மாவட்ட நிர்வாகத்தின் இணையப் பக்கத்தில் பார்க்காமல் ஒரு விடுமுறைச் செய்தியையும் தள்ளாதீர்கள்.

எனக்குப் பணத்தைவிடப் பெரிய பயம் பிள்ளைகளைப் பற்றியது. "இந்த லிஸ்ட்டை யாராவது சரிபார்த்து அனுப்புங்க" என்று மாணவர் பெயர், தந்தை பெயர், ஆதார், வங்கிக் கணக்கு, கைபேசி எண் எல்லாம் இருக்கும் பட்டியலைக் குழுவில் போட்டுவிடுகிறோம். நானும் போட்டிருக்கிறேன். வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் இருக்கலாம். டெலிகிராம் குழுவில் 2 லட்சம் பேர் வரை இருக்கலாம். அத்தனை பேரும் ஆசிரியர்கள்தானா? கல்வி உதவித்தொகை வந்திருக்கிறது என்று பெற்றோரை அழைத்து, பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் சரியாகச் சொல்லி, கியூஆர் கோடை ஸ்கேன் செய்யவைத்துப் பணம் பறித்த மோசடிகள் தமிழ்நாட்டில் நடந்திருக்கின்றன. அப்படிப் பறிபோவது, நடவுக்குப் போய்க் கூலி வாங்கிச் சேர்த்த ஒரு தாயின் பணம். 'ஸ்கூல்ல இருந்துதான் பேசுறாங்க' என்று நம்பித்தான் அவர் ஸ்கேன் செய்கிறார். 2023ஆம் ஆண்டு வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குக் கீழுள்ள பிள்ளையின் விவரங்களுக்குப் பெற்றோர் சம்மதத்தை வலியுறுத்துகிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அந்தப் பட்டியல் நம் சொத்து இல்லை. அலுவலகம் கேட்டால் கேட்டவருக்கு மட்டும் தனியாக அனுப்புங்கள்.

புதிதாக வேலைக்கு வந்த தம்பி, தங்கைகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடலோரப் பள்ளி ஒன்றில் சேர்ந்த இளம் டீச்சர் ஒருவர், பதிவேடு வேலையிலேயே நாள் போகிறது, பாடம் நடத்த நேரமில்லை என்று ஒரு இரவு பெரிய குழு ஒன்றில் மனம் நொந்து எழுதினார். பத்துப் பேர் ஆறுதல் சொன்னார்கள். மறுநாள் காலை அந்த வரிகள் ஸ்கிரீன்ஷாட்டாக அலுவலக மேசையில் இருந்தன. விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்த பிறகு, அந்தப் பெண் எந்தக் குழுவிலும் வாய் திறப்பதில்லை. ஆறுதல் தேடிப் போன இடத்தில் இப்படி நடந்தது எனக்கு இன்றும் ஆறவில்லை.

நம் பயத்தையும் திருடர்கள் விட்டுவைப்பதில்லை. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வு பற்றிய தீர்ப்பைச் சொன்னது. ஓய்வு பெற ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்றது. இருபது வருடம் பாடம் நடத்தியவர்கள் அன்றிரவு தூங்கவில்லை. மறுநாளிலிருந்தே 'உறுதியான தேர்ச்சி', 'கேள்வித்தாள் உண்டு' என்று முகம் தெரியாத எண்கள் எங்கள் குழுக்களுக்குள் புகுந்தன. பயந்திருக்கும் மனிதனிடம் எதையும் விற்கலாம் என்று அவர்களுக்குத் தெரியும். கேள்வித்தாள் தருகிறேன் என்பவன் திருடன். அவனுக்குப் பணம் அனுப்புபவர் வேலையையும் சேர்த்து இழப்பார்.

குழுவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தனியாக நிற்கும் ஆசிரியருக்கு அது வேண்டும். ஆனால் யாரோ அனுப்பிய லிங்க்கைத் தட்டிச் சேர்கிற குழு துணைக்கு ஆகாது. குறுவள மையக் கூட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தவர்கள், சேர்ந்து பயிற்சி எடுத்தவர்கள் என்று முகம் தெரிந்த இருபது, முப்பது பேரோடு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அட்மின் யார், வேண்டாத ஃபார்வர்டை அழிக்கும் துணிச்சல் அவருக்கு உண்டா என்று பாருங்கள். அட்மினாக இருப்பதால் மட்டுமே அடுத்தவர் பதிவுக்கு ஒருவர் குற்றவாளி ஆகமாட்டார் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021இல் சொல்லியிருக்கிறது. அதற்காக அட்மின்கள் கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிடக் கூடாது. ஓய்வு பெற்றவர், ஊர் மாறிப் போனவர், பெயரில்லாத எண் என்று வருடத்துக்கு ஒருமுறையாவது பட்டியலைப் பாருங்கள். மனக்கஷ்டத்தைப் பெரிய குழுவில் எழுதாதீர்கள். நம்பும் ஒருவருக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள். பணம் கேட்டோ ஃபைல் அனுப்பியோ யார் பெயரில் செய்தி வந்தாலும், அவரை அழைத்துக் குரலைக் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள். சம்பள விவரம் வேண்டுமானால் களஞ்சியம் செயலியிலேயே பார்க்கலாம்; அதையும் பிளே ஸ்டோரில் மட்டும் இறக்குங்கள்.

தவறித் தட்டிவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். எங்கள் டீச்சர் வீட்டில் சொல்லப் பயந்து அரைநாளைக் கடத்தியதில்தான் பணம் கைமாறிப் போனது. உடனே போனை ஃபிளைட் மோடில் போட்டு, சிம்மைக் கழற்றுங்கள். வேறு போனிலிருந்து சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் நிறுத்திவைக்க அவர்களால் முடியும். வங்கிக்கும் சொல்லுங்கள். குழுவில் இருக்கும் ஒருவரிடம், 'என் பெயரில் எது வந்தாலும் திறக்காதீர்கள்' என்று போடச் சொல்லுங்கள்.

இன்றிரவு படுக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் அக்கவுண்டுக்குள் போய் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனைத் திறந்து ஆறு இலக்க ரகசிய எண் ஒன்றை வையுங்கள். நாளை காலை, பக்கத்துப் பள்ளியில் போன் பழக்கமில்லாத மூத்த ஆசிரியர் யாராவது இருந்தால், அவர் போனிலும் வைத்துக் கொடுங்கள்.