மடக்குக் கத்தி புகட்டும் பாடம்

நெசவாளர் இழை நுனியை அறுக்கவும், விவசாயி ஒட்டுக் கட்டவும் மடியில் வைத்திருக்கும் மடக்குக் கத்தி மிக எளிய கருவி. ஓர் அலகு, ஒரு பிடி, இரண்டையும் இணைக்கும் ஓர் ஆணி; இதில் புதிதாகக் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்று எண்ணத் தோன்றும். ஆயினும் இச்சிறு கருவியைப் பற்றி அமெரிக்க நாட்டில் எழுந்த உரிமைகளின் வரலாறு, கைத்தொழில் புரியும் நம் அங்கத்தினர் யாவரும் அறியத்தக்கதாகும்.

விரித்த கத்தி வேலையின் நடுவே மடங்கினால் விரல் அறுபடும். அதைத் தடுப்பதே பூட்டு. பில் மெக்ஹென்றி, ஜேசன் வில்லியம்ஸ் என்னும் கத்தித் தொழில் வல்லுநர் இருவர் புதியதொரு பூட்டைக் கண்டனர். பிடியின் இரு பக்கங்களையும் ஊடுருவி நிற்கும் சிறு எஃகுத் தண்டை வில்கம்பிகள் முன்னே தள்ளும். அது அலகின் அடியில் ஆப்பைப் போல் பொருந்தி நிற்கும். எந்தக் கையாலும் இதனை விடுவிக்கலாம். 1998-இல் இதற்குப் ‘பேடண்டு’ எனப்படும் காப்புரிமை கிடைத்தது. செய்து விற்கும் உரிமத்தை ஆரிகன் மாநிலத்துப் பெஞ்ச்மேட் நிறுவனம் பெற்று, ‘ஆக்சிஸ்’ என்ற பெயரால் அதனைப் பரப்பியது.

உரிமம் என்பது குத்தகையைப் போன்றது. நிலம் உடையவரிடமே இருக்கும்; பயிரிடுபவர் வேறொருவர்; உடையவருக்குரிய பங்கு வந்து சேரும். வேறுபாடு ஒன்றே. நிலவுரிமைக்குக் கால எல்லை இல்லை, காப்புரிமைக்கு உண்டு. இன்றைய சட்டப்படி அது விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். அக்கால உரிமைக்கு ஈடாகக் கண்டுபிடிப்பாளர் தம் நுட்பம் முழுவதையும் படத்துடன் உலகறிய எழுதிக் கொடுக்கவேண்டும். ஆக்சிஸ் பூட்டின் காலம் முடிந்துவிட்டது. இன்று பலரும் அத்தகைய பூட்டைச் செய்கின்றனர். ஆனால் ‘ஆக்சிஸ்’ என்ற பெயரை இடுவதில்லை, அது வணிகக்குறி ஆதலால்.

கொலராடோ மாநிலத்து ஸ்பைடர்கோ நிறுவனத்தின் கதையும் இத்தகையதே. பெருவிரலால் ஒரு கையாலேயே விரிப்பதற்காக அலகில் வட்டத் துளையிட்ட கத்தியை அது 1981-இல் வெளியிட்டது. 1982-இல் காப்புரிமை பெற்றது. அதன் காலம் முடிந்த பின்னரும், வட்டத் துளையைத் தன் வணிகக்குறியாக அந்நிறுவனம் காத்து வருகிறது. ஆகவே பிறர் உரிமம் பெறுகின்றனர், அல்லது துளையை வேறு வடிவில் இடுகின்றனர்.

நுட்பம் காலத்தால் பொதுச்சொத்தாகும்; நற்பெயரோ பேணுமளவும் உடையவருக்கே உரியது. இதுவே நாம் கொள்ளவேண்டிய பாடம்.

நம் நாட்டிலும் புதிய தறிக்கருவிக்கோ உழவுக்கருவிக்கோ காப்புரிமை 20 ஆண்டுகள். துணியின் புதிய வடிவமைப்பைப் பதிந்தால் 10 ஆண்டுகள். மேலும் 5 ஆண்டுகள் நீட்டிக்கலாம். ஆனால் விண்ணப்பிக்குமுன் சந்தையில் வெளியிட்டால் புதுமை என்னும் தகுதி போய்விடும். உரிமையும் பெரும்பாலும் கைவிட்டுப் போகும். ஆகவே, புதியது கண்ட அங்கத்தினர் அதனைப் பிறருக்குக் காட்டுமுன் சென்னை கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்தை நாடுவாராக. தனியொருவரால் இயலாத செலவுக்கும் எழுத்துவேலைக்கும் தோள் கொடுப்பது சங்கத்தின் கடமையன்றோ!