கடலின் மூத்த குடி

காவிரி கடலோடு கலக்கும் இடத்தில் செழித்திருந்த காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் நூல் பட்டினப்பாலை. அந்நகரின் பரதவர் முழுநிலா நாளில் மீன்பிடிக்கச் செல்வதில்லை என்றும், சினைச் சுறாவின் கொம்பை நட்டு, அதில் தெய்வம் உறைவதாகக் கருதி வழிபட்டனர் என்றும் அந்நூல் கூறுகிறது. சுறாவுக்குக் கொம்பு ஏது என்னும் ஐயம் எழலாம். வாள்போல் நீண்டு, இருபுறமும் பற்கள் வரிசையாக அமைந்த மூக்கை உடைய வேளா மீனின் மூக்கே இங்குக் கொம்பு எனப்பட்டது என்பர். வேளா, சுறாவுக்கு நெருங்கிய உறவுடைய மீன். கடலை நம்பி வாழ்ந்த அம்மக்கள் சுறாவின் வலிமையை அறிந்திருந்தனர். அதனை அஞ்சினர், வேட்டையாடினர், வணங்கவும் செய்தனர்.

இன்று தில்லியிலும் நாகபுரியிலும் போபாலிலும் வளரும் சிறுவர்களுக்குச் சுறா அறிமுகமாவது கடலில் அன்று, திரையில். முக்கோணத் துடுப்பு ஒன்று நீரைக் கிழித்துக்கொண்டு வரும். இசை மெல்லத் தொடங்கி விரைவு பெறும். நீந்துவோர் அலறுவர். பல படங்களில் திரும்பத் திரும்ப வரும் இக்காட்சிக்கு முன்னோடி 1975ஆம் ஆண்டு வெளிவந்த 'ஜாஸ்' என்னும் அமெரிக்கத் திரைப்படம். பீட்டர் பெஞ்ச்லி 1974இல் எழுதிய புதினத்தைத் தழுவியது அது. படம் பெருவெற்றி பெற்றது. கரையோர மக்களைத் தேடித்தேடிக் கொல்லும் வஞ்சம் கொண்ட விலங்காகச் சுறா உலகெங்கும் உருவகிக்கப்பட்டது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் சுறா வேட்டை ஒரு வீர விளையாட்டாகவே பரவியது. தம் கதை சுறாவுக்கு இழைத்த தீங்கை உணர்ந்த பெஞ்ச்லி, பிற்காலத்தில் அவ்வுயிரைக் காக்க வேண்டும் என்று பேசியும் எழுதியும் வந்தார். அவர் 2006இல் மறைந்தார். அவருடைய பிற்காலப் பேச்சைக் கேட்டவர்களைவிடப் படத்தைப் பார்த்தவர்களே மிகப் பலர்.

அச்சத்தின் அளவு

உலகில் 500க்கும் மேற்பட்ட சுறா இனங்கள் உள்ளன. உள்ளங்கையில் அடங்கத்தக்க சிறிய சுறாவும் உண்டு. பேருந்தைவிட நீளமாக வளரும் சுறாவும் உண்டு. மனிதருக்குப் பெருங்காயம் விளைவித்தவை என்று குறிப்பிடத்தக்கவை வெள்ளைச் சுறா, புலிச் சுறா, காளைச் சுறா முதலிய ஒருசில இனங்களே. மனிதர் சீண்டாமலே சுறா கடித்த நிகழ்வுகள் உலகம் முழுவதிலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 60 அல்லது 70 மட்டுமே. அவற்றால் இறப்போர் பெரும்பாலான ஆண்டுகளில் பத்துக்கும் குறைவானவர்கள். கோடிக்கணக்கான மக்கள் கடலில் குளிக்கும் உலகில் இது மிகச் சிறிய எண். கடித்த சுறாவும் பலமுறை ஒரு கடியோடு விலகிச் சென்றுவிடுகிறது. மனிதர் அதன் உணவு அல்லர். கலங்கிய நீரில் கைகால் அசைவை மீன் என்றோ கடற்சிங்கம் என்றோ பிழையாகக் கொண்டிருக்கலாம் என அறிஞர் கருதுகின்றனர்.

மறுபுறம், மனிதர் ஆண்டுதோறும் கொல்லும் சுறாக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ பத்துக் கோடி என மதிப்பிடப்பட்டுள்ளது.

சுறாவைப் பற்றி வழங்கும் வேறு சில கூற்றுகளும் உண்மைக்குப் புறம்பானவை. ஒரு துளி இரத்தத்தைப் பல மைல் தொலைவிலிருந்தே அது மோப்பம் பிடிக்கும் என்பர். அதன் மோப்பம் கூர்மையானதே. ஆயினும் மணம் நீரோட்டத்தின் வழியேதான் பரவ முடியும். நீந்துவதை நிறுத்தினால் எல்லாச் சுறாவும் இறந்துவிடும் என்பதும் தவறு. சில இனங்கள் கடலடி மணலில் அசையாது படுத்திருக்கும்.

இவ்வாறான தவறுகளால் சுறாவுக்குப் பெரிய கேடு இல்லை. கேடு விளைவித்த கூற்று ஒன்று உண்டு. சுறாவுக்குப் புற்றுநோய் வராது என்பதே அது. 1992இல் அமெரிக்காவில் இப்பொருள்பட ஒரு நூல் வெளிவந்தது. சுறாவின் உடலில் எலும்பு இல்லை. அதன் எலும்புக்கூடு முழுவதும் குருத்தெலும்பால் ஆனது. அக்குருத்தெலும்பைப் பொடியாக்கி மாத்திரையாக உண்டால் புற்றுநோய் நீங்கும் என்று நம்பிப் பலர் வாங்கினர். உண்மையில் சுறாவுக்கும் புற்றுநோய் வருகிறது. கட்டிகளுடன் பிடிபட்ட சுறாக்களை ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். நோயாளிகளிடம் நடத்திய மருத்துவ ஆய்வுகளிலும் அம்மாத்திரையால் பயன் விளையவில்லை. நோயுற்றோர் பணத்தை இழந்தனர். சுறாக்கள் உயிரை இழந்தன.

நாற்பது கோடி ஆண்டு வாழ்ந்த உயிர்

சுறாவின் முன்னோர் கடலில் தோன்றி 40 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. அப்போது நிலத்தில் மரங்களே இல்லை. டைனோசர்கள் மிகப் பின்னர்த் தோன்றி மறைந்தன; சுறா நிலைத்தது. பல பேரழிவுகளைத் தாங்கிய இவ்வுயிர், மனிதரின் சில பத்தாண்டு வேட்டையைத் தாங்க இயலாமல் தளர்வது ஏன்?

விடை அதன் பிறப்பு முறையில் உள்ளது. மத்தி மீன் ஒரே பருவத்தில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஓராண்டு அளவில் வளர்ந்து தானும் முட்டையிடத் தொடங்கும். பிடித்த அளவுக்கு மீண்டும் பெருகும் ஆற்றல் அதற்கு உண்டு. சுறாவின் வாழ்க்கை இதற்கு நேர்மாறு. பெரும்பாலான சுறாக்கள் சில குட்டிகளையே ஈனுகின்றன. முள் நாய்ச்சுறா என்னும் சிறிய இனம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கருவைச் சுமக்கிறது. யானையின் கருக்காலத்துக்கு ஒப்பானது அது. பெண் வெள்ளைச் சுறா குட்டி ஈனும் பருவத்தை அடைய முப்பது ஆண்டுகள் வரை ஆகும். வடகடலின் குளிர்நீரில் வாழும் கிரீன்லாந்துச் சுறாவோ, தாயாவதற்கு ஏறத்தாழ 150 ஆண்டுகள் காத்திருக்கிறது. இத்தகைய உயிரை மத்தியைப் போல் அள்ளினால் அதன் குலம் எஞ்சுவது அரிது.

அள்ளத்தான் செய்தனர். துடுப்புக்காகவே பல கோடிச் சுறாக்கள் கொல்லப்பட்டன. சீன நாட்டு விருந்துகளில் சுறாத்துடுப்புச் சூப் செல்வத்தின் அடையாளமாகப் பரிமாறப்பட்டு வந்தது. அத்துடுப்புக்குத் தனிச் சுவை எதுவும் இல்லை. கோழிச்சாறும் பிறவும் சேர்த்தே சுவை ஊட்டுவர். சுவையற்ற ஒரு பொருளுக்காக, பிடித்த சுறாவின் துடுப்பை அரிந்துகொண்டு உயிருள்ள உடலைக் கடலில் எறியும் கொடிய வழக்கம் பல நாட்டுக் கப்பல்களில் இருந்தது. துடுப்பிழந்த சுறா நீந்த இயலாது, மூச்சடங்கி மூழ்கும். இதனுடன், சூரை மீனுக்கு விரித்த வலையிலும் தூண்டிலிலும் தானே வந்து சிக்கி மடிந்த சுறாக்களும் மிகப் பல. 1970 முதல் ஐம்பது ஆண்டுகளுக்குள் பெருங்கடல் சுறாக்களும் திருக்கைகளும் 71 விழுக்காடு குறைந்துவிட்டன என்று 2021இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

சௌராட்டிரக் கரையில்

இந்தியாவிலும் இத்தகைய வேட்டை ஒன்று நடந்தது. அது நின்ற வரலாறு சற்று விரிவாக அறியத்தக்கது.

மீன்களில் மிகப் பெரியது திமிங்கிலச் சுறா. பெயரில் திமிங்கிலம் இருப்பினும் அது மீனே. பன்னிரண்டு மீட்டர் நீளமும், சில வேளை அதற்கு மேலும் வளரும். கருஞ்சாம்பல் முதுகில் வெண்புள்ளிகள் கோலமிட்டாற்போல் விளங்கும். மனிதரின் கைரேகைபோல் அப்புள்ளி வரிசை ஒவ்வொன்றுக்கும் வேறுபடும். இத்துணைப் பெரிய உடல் இருந்தும் அது உண்பது மிதவை நுண்ணுயிர்களையும் சிறு மீன்களையுமே. அகன்ற வாயைத் திறந்து நீரை உள்வாங்கி, இரையை மட்டும் வடிகட்டிக்கொண்டு நீரைச் செவுள் வழியே வெளியேற்றும். அருகில் நீந்துவோரை அது பொருட்படுத்துவதில்லை.

குசராத்து மாநிலத்தின் சௌராட்டிரக் கடலுக்கு இம்மீன்கள் ஆண்டுதோறும் வருகின்றன. வேராவல், மாங்குரோல் முதலிய ஊர்களின் மீனவர்கள் அதனைப் 'பேரல்' என்று அழைத்தனர். பேரல் என்பது பீப்பாய். பெரிய கொக்கியை மீனின் உடலில் பாய்ச்சி, அதனோடு கட்டிய கயிற்றில் வெற்றுப் பீப்பாய்களைப் பிணைப்பர். மிதக்கும் பீப்பாய்களை இழுத்து இழுத்து மீன் களைத்துப்போகும். ஆழத்துக்குச் செல்ல முடியாமல் பிடிபடும். வேட்டைக் கருவியின் பெயரே மீனின் பெயராகிவிட்டது. முற்காலத்தில் அதன் ஈரல் எண்ணெயை மரப்படகுகளில் நீர் ஊறாதிருக்கப் பூசினர். பின்னர் இறைச்சிக்கு வெளிநாட்டில் நல்ல விலை கிடைத்தது. வேட்டை பெருகியது.

2000ஆம் ஆண்டில் மைக் பாண்டே என்னும் இயக்குநர் இவ்வேட்டையை 'ஷோர்ஸ் ஆஃப் சைலன்ஸ்' என்ற ஆவணப்படமாக எடுத்தார். கரையில் வெட்டிக் குவிக்கப்பட்ட பெருமீன்களின் காட்சி பலரை உலுக்கியது. 2001 மே மாதத்தில் இந்திய அரசு திமிங்கிலச் சுறாவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலிக்கும் யானைக்கும் உரிய பாதுகாப்பு முதன்முறையாக ஒரு மீனுக்கு வழங்கப்பட்டது.

சட்டம் தில்லியில் இயற்றப்பட்டது. மீன் பிடிபடுவதோ நடுக்கடலில். கரைக்கு வராத காவலரை அங்கு எதிர்பார்க்க முடியாது. எனவே மீனவர் மனம் மாறுவதே வழி எனக் கருதிய வைல்டுலைஃப் டிரஸ்ட் ஆஃப் இந்தியா அமைப்பு, மாநில வனத்துறை முதலியவற்றுடன் சேர்ந்து 2004இல் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. இராமகதை சொல்வதில் புகழ்பெற்ற மொராரி பாபு அதற்குத் துணை நின்றார். குசராத்தில் மகப்பேற்றுக்காகத் தாய்வீடு வரும் மகளைப் போற்றிக் காப்பது வழக்கம். தமிழகத்திலும் அவ்வழக்கம் உண்டு. தொலைகடலிலிருந்து வரும் இம்மீனும் பிறந்தகம் வரும் மகளே என்று அவர் எடுத்துரைத்தார். பேரல் என்ற பெயர் விடப்பட்டு, அன்புக்குரியவள் என்னும் பொருள் தரும் 'வஹாலி' என்ற பெயர் சூட்டப்பட்டது. ஊர்தோறும் வீதி நாடகங்கள் நடந்தன. காற்றடைத்த முழு அளவுத் திமிங்கிலச் சுறா உருவம் ஒன்று ஊர் ஊராகச் சென்றது. போர்பந்தர் முதலிய நகரங்கள் வஹாலியைத் தம் சின்னமாக ஏற்றன.

அன்புச் சொல் மட்டும் போதுமா? திமிங்கிலச் சுறா சிக்கினால் வலையை அறுத்தே விடுவிக்க வேண்டும். அறுந்த வலை மீனவரின் முதல். எனவே அரசு, வலைக்கு 25,000 ரூபாய் வரை இழப்பீடு வழங்க ஏற்பாடு செய்தது. முதலில் வனத்துறையினர் வந்து பார்க்கும்வரை மீன் வலையிலேயே தவித்தது. பின்னர் நீர் புகாத படக்கருவிகள் மீனவர்க்கு வழங்கப்பட்டன. வலையை உடனே அறுத்து, அதனைத் தாமே படமெடுத்துக் காட்டினால் இழப்பீடு கிடைக்கும். இவ்வாறு 700க்கும் மேற்பட்ட திமிங்கிலச் சுறாக்கள் உயிருடன் கடலுக்குத் திரும்பியுள்ளன. கொக்கி எறிந்த அதே கைகளே வலையை அறுத்தன என்பது எளிய செய்தி அன்று.

தூத்தூர் மீனவரின் கேள்வி

எல்லாச் சுறாவுக்கும் இவ்வழி பொருந்துமா என்பது வேறு கேள்வி. 2001 சூலையில் அரசு சுறா, திருக்கை இனங்கள் அனைத்தையும் பிடிக்கத் தடை விதித்தது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதி மீனவர்கள் ஆழ்கடலில் தூண்டிலிட்டுச் சுறா பிடிப்பதில் இந்தியா முழுவதும் பெயர் பெற்றவர்கள். குமரி முதல் குசராத்து வரையிலும் அரபிக்கடலில் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்வர். ஒரே ஆணையால் அவர்கள் தொழில் முழுதும் குற்றமாயிற்று. மீனவர்களின் எதிர்ப்பு வலுத்தது. அவ்வாண்டு டிசம்பரில் அரசு ஆணையைத் திருத்தி, பத்து இனங்களுக்கு மட்டும் பாதுகாப்பு அளித்தது. திமிங்கிலச் சுறாவும் வேளா இனங்களும் அப்பட்டியலில் இருந்தன.

தூத்தூர் மீனவரின் வாதத்தில் நியாயம் இருந்தது. இந்தியக் கரைகளில் சுறாவின் உடலைக் கடலில் எறிவதில்லை. இறைச்சியைப் புதிதாகவும் கருவாடாகவும் உண்பர். சுறாப்புட்டுத் தமிழர் வீடுகளில் விரும்பி உண்ணும் உணவு. குழந்தை பெற்ற தாய்க்குப் பால் சுறக்கும் என்று பால்சுறாவைச் சமைத்துக் கொடுப்பதும் வழக்கம். ஆயினும் துடுப்பின் ஏற்றுமதி விலையே வேட்டையைத் தூண்டியது என்பதையும் மறுக்க இயலாது. துடுப்பு உடலோடு ஒட்டியபடியே சுறாவைக் கரைக்குக் கொணர வேண்டும் என்று 2013இல் விதி வந்தது. 2015இல் துடுப்பு ஏற்றுமதி அடியோடு தடை செய்யப்பட்டது. 2022இல் சட்டம் திருத்தப்பட்டபோது மேலும் பல சுறா, திருக்கை இனங்கள் பட்டியலில் சேர்ந்தன.

பட்டியல் நீள நீள, படகில் இருப்பவரின் வேலை கடினமாகிறது. நள்ளிரவில் தூண்டிலில் ஏறி வரும் சுறா எவ்வினம் என்று அவர் நொடியில் அறிய வேண்டும். தடை செய்யப்பட்டதாயின் உயிர் போகுமுன் விடுவிக்க வேண்டும். கொம்பன் சுறாவைத் தலையின் அமைப்பைக் கொண்டே சிறுவரும் அறிவர். மற்ற பல சுறாக்கள் ஒன்றுபோல் தோன்றும். துடுப்பின் நிறம், பல்லின் வடிவு, முதுகின் மேடு ஆகியவற்றால் அவற்றைப் பிரித்தறியும் நுட்பம் நூல்களைவிடப் பழைய மீனவரிடமே மிகுதியாக உள்ளது. அவ்வறிவைக் கேட்டுப் பெற்று, மீன்வள ஆய்வாளர்கள் துறைமுகங்களில் இறங்கும் சுறாக்களை நாள்தோறும் இனம் பிரித்து எண்ணி வருகின்றனர்.