எல்லா மாடியிலும் நிற்கும் மின்தூக்கி

வீடு வெயிலையும் மழையையும் தடுத்தால் மட்டும் போதாது. அதில் வாழ்வோர் பிறர் துணையின்றி வெளியே சென்று மீளவும் இடந்தருதல் வேண்டும்.

சிங்கப்பூரில் 1960ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், எளிய குடும்பங்களுக்கெனத் தொடர்மாடி வீடுகளைப் பெருந்தொகையாகக் கட்டிற்று. பழைய கட்டடங்கள் பலவற்றில் மின்தூக்கி சில மாடிகளில் மட்டுமே நின்றது. செலவு சுருங்கிற்று. ஆயின், இளமையிற் குடிபுகுந்தோர் முதுமையெய்தியபோது, இடையிலிருந்த சில படிகளே மலையாயின. சக்கர நாற்காலியில் இயங்குவோர் நிலையைக் கூறவும் வேண்டுமோ? 2001இல் தொடங்கிய திட்டத்தின்வழி, எல்லா மாடிகளிலும் நிற்குமாறு மின்தூக்கிகள் அமைக்கப்பட்டன. சில கட்டடங்களில் அதுவும் இயலாதாயிற்று.

ஆதலின், வரைபடத்திலேயே இவற்றை வகுத்தலே உண்மைச் சிக்கனமாம். 1 அடி உயரம் ஏறுதற்கு 12 அடி நீளச் சாய்வுப்பாதை வேண்டும். நாற்காலி நுழைய 32 அங்குல அகல வாயிலும், அது திரும்புதற்கு 5 அடி விட்ட வெளியும் வேண்டும். இவை குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளும் தாய்க்கும், ஊன்றுகோல் பற்றிய பாட்டனுக்கும் ஒருங்கே உதவுவன. இடித்துத் திருத்த வேண்டாத வீடே நெடிது நிலைக்கும் வீடு.

நம் கல்லூரி ஈன்ற பொறியியலாளரும் கட்டடக் கலைஞரும் இதனை நெஞ்சிற் கொள்வாராக.