தூணுக்குள் மறைந்திருக்கும் வளையங்கள்

விழுப்புரத்திலிருந்து நாகப்பட்டினத்துக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை, கடலூரையும் சிதம்பரத்தையும் தொட்டுக்கொண்டு நான்கு வழியாக விரிவடைந்த பிறகு, பெண்ணையாற்றின் மேலும் வெள்ளாற்றின் மேலும் பாலங்களைக் கண்டு பழகிய நம் கண்களுக்கு, நீரே ஓடாத இடங்களிலும் பாலங்கள் தென்படத் தொடங்கியிருக்கின்றன. ஆற்றில் நிற்கும் தூணுக்கு வெள்ளமும் மணல் அரிப்பும் பகை. சாலைக்கு மேலே சாலை செல்லும் இடத்தில் நிற்கும் தூணுக்கோ, நெல்லிக்குப்பத்துக்கும் சேத்தியாத்தோப்புக்கும் கரும்பு ஏற்றிச் செல்லும் லாரியும், சிப்காட் தொழிற்பேட்டையை நோக்கி விரையும் டாங்கரும், ஓட்டுநரின் கண் ஒரு க்ஷணம் அயர்ந்தால் பகையாகிவிடக் கூடும்.

அந்த மோதலின் உக்கிரத்தை எளிய கணக்கினாலேயே அறியலாம். சரக்கோடு சேர்த்து 10 டன் எடையுள்ள லாரி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதி, முன்பாகம் 2 மீட்டர் நசுங்கி நின்றதாக வைத்துக்கொண்டால், தூணைப் பக்கவாட்டில் தள்ளிய விசை சராசரியாக 70 டன் ஆகிறது. வேகம் இரு மடங்கானால் லாரி கொண்டுவரும் சக்தி நான்கு மடங்காகிவிடும். இதனாலேயே இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த பால விதிகள், சாலையோரத்திலும் சாலை நடுவிலும் நிற்கும் தூண், போக்குவரத்தின் திசையில் 100 டன் விசையையும், அதற்குக் குறுக்காக 50 டன் விசையையும் தனித்தனியே தாங்க வேண்டும் என்றும், அந்த அடி தரைக்கு மேல் முக்கால் மீட்டருக்கும் ஒன்றரை மீட்டருக்கும் இடையே எங்கே விழுந்தால் கேடு அதிகமோ அங்கேயே விழுவதாகக் கொள்ள வேண்டும் என்றும் விதிக்கின்றன. அமெரிக்காவிலோ, டெக்சாஸ் ஆராய்ச்சியாளர்கள் 36 டன் எடையுள்ள டிரெய்லர் லாரியை மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் மெய்யாகவே ஒரு தூணின்மேல் மோதவிட்டுப் பரீட்சித்த பிறகு, முன்பு ஏறத்தாழ 180 டன்னாக இருந்த விதி 270 டன்னாக உயர்ந்தது. லாரியின் எஞ்சின் முதலில் ஓர் அடி அடிக்கிறது. பின்னால் வரும் சரக்கு முன்னே பாய்ந்து இரண்டாவது அடியைக் கொடுக்கிறது. 2003 மே மாதத்தில் நெப்ராஸ்கா மாநிலத்தின் பிக் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரருகே இத்தகைய லாரி ஒன்று மோதித் தூண் ஒடிந்து, மேம்பாலமே சாலையின்மேல் விழுந்திருக்கிறது.

சிதம்பரம் ஆலயத்து ஆயிரங்கால் மண்டபத்தின் கற்றூண்கள் மேலிருந்து இறங்கும் பாரத்தை நூற்றாண்டுக் கணக்காகச் சலனமின்றித் தாங்கி நிற்கின்றன. எனினும் கல்லுக்கு அமுக்கத்தைத் தாங்கும் சுபாவம் உண்டேயன்றி, இழுப்பைத் தாங்கும் சுபாவம் மிகக் குறைவு. காங்கிரீட்டும் அந்தக் குலத்தைச் சேர்ந்ததுதான். பக்கவாட்டில் தள்ளப்படும் தூணின் ஒரு முகம் இழுபடுவதால், அதைக் காப்பதற்கென்று நெடுக்குக் கம்பிகள் வைக்கிறார்கள். ஆனால் லாரியின் அடி அடிவாரத்துக்கு அருகில் விழுகிறது. அதுவும் விநாடியின் சிறு பகுதிக்குள் முடிந்துவிடுவதால், தூணின் மேற்பகுதியும் அது சுமக்கும் பாலமும் அசைந்து கொடுக்க அவகாசம் பெறுவதில்லை. அடிபட்ட இடத்துக்கும் அஸ்திவாரத்துக்கும் இடைப்பட்ட குட்டையான பாகமே அநேகமாக முழு விசையையும் ஏற்க நேர்கிறது; குட்டையான பாகமோ வளைந்து கொடுப்பதற்கு முன்பே, கத்தரிக்கோலின் இரு அலகுகளிடையே அகப்பட்டாற்போல், சாய்வாக வெடித்துத் துண்டாகிவிடும்.

அந்த வெடிப்புக்குக் குறுக்கே நிற்பவை, கம்பி கட்டுபவர்கள் ரிங் என்று வழங்கும் மெல்லிய வளையங்கள். நெருக்கமாகக் கட்டிய வளையங்கள் வெடிப்பு விரியாமல் பிடித்து நிறுத்துவதோடு, உள்ளேயிருக்கும் காங்கிரீட்டை நாற்புறமும் இறுக்கிப் பிடிப்பதால், வெளிப்புறம் உதிர்ந்த பிறகும் உட்பாகம் நொறுங்காமல் பாலத்தின் பாரத்தைச் சுமந்துகொண்டிருக்கும். வளையத்தின் முனைகளை 135 பாகை மடக்கி உட்பாகத்துக்குள் செலுத்த வேண்டும் என்பதும் இதற்காகவே. 90 பாகையோடு மடக்கை நிறுத்தினால், வெளிக் காங்கிரீட் உதிர்ந்த மாத்திரத்தில் வளையம் வாயைத் திறந்துவிடும். வெயிலில் குனிந்து அந்த மடக்கைச் சரியாக மடக்கும் தொழிலாளியின் கைத்திறமை, பொறியியல் நிபுணரின் கணக்குக்குச் சற்றும் குறைந்ததில்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

கடலூரிலிருந்து பரங்கிப்பேட்டை வரை நீளும் கரையோரத்துக்கு இதில் ஒரு விசேஷமான சங்கடம் உண்டு. உப்புக் காற்றிலுள்ள குளோரைடு காங்கிரீட்டுக்குள் மெல்ல ஊடுருவி, கம்பியின்மேல் இயற்கையாகப் படிந்திருக்கும் காப்புப் படலத்தைக் கலைத்துவிடுகிறது. துரு பிடித்த இரும்பு முன்னிலும் அதிக இடத்தை அடைத்துக்கொண்டு, வெளிக் காங்கிரீட்டை வெடிக்கச் செய்கிறது. தூணின் வெளிவிளிம்புக்கு மிக அருகில் இருப்பது வளையமே ஆதலால் முதலில் துரு பிடிப்பதும் அதுதான். 32 மில்லிமீட்டர் நெடுக்குக் கம்பியைச் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் துரு தின்றால் அதன் குறுக்குப் பரப்பில் 12 சதவிகிதம் குறையும்; 10 மில்லிமீட்டர் வளையத்தில் அதே அளவு தின்றால் 36 சதவிகிதம் போய்விடும். பாலத்தின் பாரத்தைத் தாங்குவதில் யாதொரு குறையும் வெளித் தெரியாத தூண், மோதலைத் தாங்கும் வலிமையில் பெரும்பங்கை இவ்வாறு இழந்திருக்கக் கூடும்.

லாரி உரசிச் சென்ற தூணில் சிராய்ப்பின்மேல் சிமெண்டைப் பூசி வர்ணம் அடித்துவிட்டுப் போகும் வழக்கம் இதனாலேயே எனக்குப் பெரும் கவலையை அளிக்கிறது. அடிவாரத்து மண்ணை விலக்கிச் சாய்வான வெடிப்பு உண்டா என்று பார்ப்பதும், சுத்தியலால் தட்டி உட்குழிவான ஓசை எங்கே எழுகிறதென்று கேட்பதும், கம்பியின் மின்னழுத்தத்தை அளந்து துரு தொடங்கிவிட்டதா என்று அறிவதும் பெருஞ்செலவில்லாத காரியங்கள். 1929-ல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியல் பயிலும் மாணவர்கள், தங்கள் வாயிற்படியிலிருந்து சிறிது தூரத்திலேயே ஓடும் நெடுஞ்சாலையின் தூண்களை ஆண்டுக்கு ஒருமுறை இவ்வாறு பரிசோதித்துக் குறித்து வைத்தால், எந்தத் தூணின் வளையங்களுக்கு முதலில் சிகிச்சை வேண்டும் என்பது லாரி வந்து மோதுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.