ஒரே மூன்று அணுக்கள், இரண்டு சுபாவங்கள்

ஜெர்மானிய ரஸாயன விற்பன்னர்களான வோலரும் லீபிக்கும் 1820-களில் தனித்தனியே ஆராய்ந்த இரண்டு வெள்ளி உப்புகள், அக்காலத்துப் பண்டிதர்களைத் திகைக்க வைத்தன. வோலர் ஆராய்ந்த வெள்ளி சயனேட் சாதுவான பதார்த்தம். லீபிக் ஆராய்ந்த வெள்ளி ஃபல்மினேட்டோ லேசாக உரசினாலே வெடித்துச் சிதறுவது. ஆயினும் இரண்டிலும் அடங்கிய மூலகங்களும் அவற்றின் விகிதமும் ஒன்றே. வோலரின் கணக்கில்தான் பிழை என்று லீபிக் முதலில் கருதினார். பின்னர் உண்மை தெளிந்து இருவரும் ஆயுட்கால நண்பர்களானது வேறு கதை.

சயனேட் அயனியில் கார்பன் நடுவில் நிற்கிறது. ஃபல்மினேட்டில் நைட்ரஜன் நடுவில் நிற்கிறது. பேதம் இவ்வளவே. இது இத்தனை பெரிய குணபேதத்தை விளைவிப்பானேன் என்பதை, 1916-ல் லூயிஸ் வகுத்த புள்ளிப் படங்களையும் 1930-களில் பாலிங் விரித்துரைத்த உடனிசைவுக் கொள்கையையும் துணைக்கொண்டு, ஒரு பென்சிலால் ஓரளவு கண்டுகொள்ளலாம்.

கார்பன் 4, நைட்ரஜன் 5, ஆக்ஸிஜன் 6, அயனியின் எதிர் மின்சுமைக்காக 1. ஆக 16 இணைதிறன் எலெக்ட்ரான்கள். ஓர் அணு தனக்கென்றே வைத்திருப்பவற்றை முழுமையாகவும், பிணைப்பிலுள்ளவற்றைப் பங்காளிகள் பொதுச்சொத்தைப் பிரிப்பதுபோலச் சரிபாதியாகவும் எண்ணிக் கூட்டி, அத்தொகையை அது பிறவியில் பெற்ற எண்ணிக்கையிலிருந்து கழித்தால் கிடைப்பதே முறைசார் மின்சுமை. சயனேட்டில் நைட்ரஜனுக்கும் கார்பனுக்கும் இடையே மும்மைப் பிணைப்பும், கார்பனுக்கும் ஆக்ஸிஜனுக்கும் இடையே ஒற்றைப் பிணைப்பும் வரைந்தால், ஆக்ஸிஜன் −1, மற்றவை பூஜ்யம்; இருபுறமும் இரட்டைப் பிணைப்பு வரைந்தால் −1 நைட்ரஜனிடம் சேர்கிறது. எலெக்ட்ரான்மீது அதிக நாட்டமுடையது ஆக்ஸிஜனே ஆதலால், முதற்படத்துக்கு மதிப்புச் சற்று அதிகம்.

ஃபல்மினேட்டுக்கு வருவோம். கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் இடையே மும்மைப் பிணைப்பிட்டால் கார்பன் −1, நைட்ரஜன் +1, ஆக்ஸிஜன் −1. இதுவே உள்ளவற்றில் நல்ல படம். இருபுறமும் இரட்டைப் பிணைப்பிட்டால் கார்பனின் சுமை −2. மும்மைப் பிணைப்பை ஆக்ஸிஜன் பக்கம் தள்ளினாலோ −3. எப்படி வரைந்தாலும் நைட்ரஜனின் +1 நீங்குவதில்லை; மூன்றிலும் எலெக்ட்ரான் நாட்டம் மிகக் குறைந்த கார்பன், எதிர்ச்சுமையைச் சுமந்தே தீரவேண்டியிருக்கிறது.

அயனி இப்படங்களுள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதாக மாணவர்கள் எண்ணுவதுண்டு; பாடப்புத்தகத்தில் இடையே போடும் இருதலை அம்புக்குறியும் அம்மயக்கத்துக்கு இடங்கொடுக்கிறது. உடனிசைவுக் கொள்கை சொல்வது அதுவன்று; அயனியின் வடிவம் என்றும் ஒன்றே. அதை ஒரே படத்தில் அடக்க முடியாதது நம் கோடுகளின் குறை. முறைசார் மின்சுமையும் அளந்தறிந்த மின்சுமையன்று, கணக்கெழுதும் வழக்கமே. ஆகையால் ஃபல்மினேட் வெடிப்பதற்கு அது ஒன்றே காரணம் என்பது மிகை. சிதையும்போது நைட்ரஜன் வாயு போன்ற மிக உறுதியான மூலக்கூறுகள் பிறப்பதும், அதனால் பெருஞ்சக்தி வெளிப்படுவதும் முக்கிய காரணங்கள். எனினும் எந்த அயனி நிலைகொள்ளாதது என்பதைக் காகிதக் கணக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

வோலர் 1828-ல் அம்மோனியம் சயனேட்டிலிருந்து யூரியாவைப் பெற்றார். ஃபல்மினேட்டின் பாதரச உப்பையோ, ஆல்ஃப்ரெட் நோபல் 1860-களில் நைட்ரோகிளிஸரினை வெடிக்கச் செய்யும் டெட்டனேட்டருக்குள் அடைத்தார்.