அரிய அமைவுகளும் தரவுத்தள நெடுவரிசைகளும்

இணையச் செயலியின் பயனர் அட்டவணையில், பெரும்பாலோர் மாற்றாத அமைவுகளுக்குத் தனி நெடுவரிசை சேர்ப்பது இடவிரயம் எனப் பலர் கருதுவர். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இவ்வச்சம் பெரிதும் பொருந்தாது. மதிப்பற்ற புலம் ஒன்றிற்கு வரிசையின் தலைப்பகுதியில் ஒரு பிட் மட்டுமே செலவாகிறது.

2014இல் 9.4ஆம் பதிப்புடன் வந்த ஜேசன்பி வகையோ, அமைவின் மதிப்போடு அதன் பெயரையும் ஒவ்வொரு வரிசையிலும் சேமிக்கிறது. எண் இருக்கவேண்டிய இடத்தில் எழுத்துச்சரம் நுழைந்தால், தனி நிபந்தனை எழுதப்பட்டிருந்தாலன்றி அதனைத் தடுப்பதில்லை. உள்ளிருக்கும் அடையாள எண்ணுக்கு அயற்சாவி விதிக்கவும் இயலாது. சுட்டப்பட்ட பதிவு நீக்கப்பட்ட பின்னும் அவ்வெண் அங்கேயே கிடக்கும். பிழை வெளிப்படுவது பெரும்பாலும் மாதங்கள் கழித்தே.

ஆகவே பிற அட்டவணையைச் சுட்டும் அமைவு, எத்துணை அரிதாயினும், நெடுவரிசைக்கே உரியது. திரை வண்ணம் போன்றவற்றிற்கு ஜேசன்பி போதும்.